ஆறு மாதம் தின்று ஓராண்டு வாழும் விலங்கு: கிரிஸ்லி கரடி ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கிழக்கே அப்சரோகா என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் அதன் உச்சிப் பகுதிகளில், 3,000 மீட்டருக்கும் மேலே, மரமே முளைக்காத கற்சரிவுகளில் கிரிஸ்லி கரடிகள் நாள் முழுக்கக் கற்களைப் புரட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு பெரிய விலங்கு அங்கே தேடுவது மானையோ மலையாட்டையோ அல்ல, அந்துப்பூச்சிகளை. சமவெளி வயல்களில் புழுவாக வளர்ந்த இந்தப் பூச்சிகள் கோடையில் மலையேறி வந்து, இரவெல்லாம் காட்டுப்பூக்களில் தேன் குடித்துவிட்டுப் பகலில் கற்களின் இடுக்கில் ஒளிந்துகொள்ளும். கோடை முடிவதற்குள் அவற்றின் உடலில் பாதிக்கு மேல் கொழுப்பாகிவிடும். ஒரு கரடி ஒரே நாளில் 40,000 பூச்சிகள் வரை தின்னும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

கிரிஸ்லி என்றதும் பின்னங்கால்களில் நிமிர்ந்து, வாயைப் பிளந்து உறுமும் கொடிய மிருகம்தான் பலர் நினைவுக்கு வரும். இந்த விலங்கை அறிய விரும்புகிறவர்கள் அந்தச் சித்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, கல்லைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும் கரடியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். கிரிஸ்லியின் பழக்கங்கள் அனைத்துக்கும் வேர் ஒன்றுதான்: ஆண்டில் ஐந்தாறு மாதம் அது எதுவும் தின்னாது, குடிக்காது. மற்ற மாதங்களில் சேர்த்த கொழுப்புதான் அந்தக் காலம் முழுவதற்கும் கைமுதல். எங்கே அலைகிறது, எதற்குச் சினக்கிறது, எத்தனை குட்டி ஈனுகிறது, மனிதர்களின் குப்பையை ஏன் நாடி வருகிறது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்தக் கணக்கில்தான் கிடைக்கும்.

யார் இது?

பழுப்புக் கரடி என்ற இனம் ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வழியாக வட அமெரிக்கா வரை பரவியிருக்கிறது. லடாக், இமாச்சலப் பகுதிகளில் அரிதாகக் காணப்படும் இமயமலைப் பழுப்புக் கரடியும் இதே இனம்தான். வட அமெரிக்காவில் வாழும் கிளைக்குக் கிரிஸ்லி என்று பெயர். நம் ஊர்க் காடுகளில் புற்றைக் கிளறிக் கறையான் தின்னும் தேன்கரடி வேறு இனம்.

இன்று கிரிஸ்லிகள் பெருமளவில் வாழ்வது அலாஸ்காவிலும் மேற்குக் கனடாவிலும். அதற்குத் தெற்கே மொன்டானா, வயோமிங், ஐடஹோ மாநிலங்களிலும் வாஷிங்டன் மாநிலத்தின் ஓர் ஓரத்திலும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. உள்நாட்டு மலைகளில் ஆண் கரடி 180 முதல் 350 கிலோ வரை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது. சால்மன் மீன் ஏராளமாகக் கிடைக்கும் அலாஸ்காக் கடலோரத்தில் வளர்ந்த ஆண் 500 கிலோவையும் தாண்டும். ஒரே இனத்துக்குள் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் சாப்பாடுதான்.

நிறத்தை வைத்து இதை அடையாளம் காண முயல வேண்டாம். வைக்கோல் நிறத்திலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை எல்லா நிறத்திலும் கிரிஸ்லி உண்டு. அதே காடுகளில் வாழும் அமெரிக்கக் கருங்கரடியிலும் பழுப்பு நிறத்தவை நிறைய. பார்க்க வேண்டியது தோள்மேட்டை. கிரிஸ்லியின் தோள்மேல் திமில்போல எழுந்து நிற்பது கொழுப்பல்ல, தசை. முன்னங்கால்களால் மண்ணைத் தோண்டுவதற்கான விசை அங்கிருந்துதான் வருகிறது. பக்கவாட்டில் பார்த்தால் முகம் சற்றுக் குழிந்திருக்கும். முன்னங்கால் நகங்கள் மனித விரல் அளவுக்கு நீளம், அதிகம் வளையாதவை. தோண்டுவதற்கு ஏற்ற இந்த நகங்கள் மரம் ஏற அவ்வளவு உதவாது. இருந்தாலும் கிளைகள் வாகாக இருந்தால் வளர்ந்த கிரிஸ்லியும் ஏறிவிடும். ஓட்டத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும். மனிதரில் மிக வேகமான ஓட்டக்காரராலும் அதை முந்த முடியாது.

அது நிமிர்ந்து நிற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்து நிற்கும் கரடி பெரும்பாலும் தாக்கத் தயாராவதில்லை. எதிரே என்ன இருக்கிறதென்று பார்க்கவும் காற்றை முகரவும்தான் எழுகிறது.

என்ன தின்னும், எப்போது தின்னும்?

மார்ச் மாதத்தில் ஆண் கரடிகள் முதலில் குகையைவிட்டு வெளியே வரும். புதிதாகக் குட்டி ஈன்ற தாய்கள் கடைசியில், ஏப்ரல், மே மாதங்களில்தான் வெளிவரும். அப்போது மலையில் பசுமையே இராது. குளிர் தாங்காமல் செத்துப் பனிக்கடியில் புதைந்த காட்டெருமைகளும் எல்க் மான்களும்தான் முதல் உணவு. சில கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே பிண வாடையைப் பிடித்துவிடும் மூக்கு அதற்கு. ஓநாய்க்கூட்டம் வீழ்த்திய இரையை மிரட்டிப் பறிப்பதும் உண்டு. பனி உருகியதும் இளம்புல்லும் குளோவர் தழையும். மே இறுதியிலிருந்து சில வாரங்கள், எழுந்து ஓடப் பழகாத எல்க் கன்றுகளைப் புதர் புதராகத் தேடும். கன்றுகள் ஓடத் தொடங்கியதும் அந்த வேட்டை முடிந்துவிடும்.

கோடையில் கிழங்கும் எறும்பும். பனியாறுகளை ஒட்டிய புல்வெளிகளில் பூக்கும் மஞ்சள் அல்லிவகை ஒன்றின் கிழங்கைத் தேடிக் கிரிஸ்லிகள் ஏர் உழுததுபோல நிலத்தைப் புரட்டிப் போடுகின்றன. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் இதை ஆராய்ந்தவர்கள், கரடி தோண்டிய மண்ணில் தாவரங்களுக்கு எட்டும் நைட்ரஜன் கூடியிருப்பதையும் அங்கே தப்பிப் பிழைத்த செடிகள் கூடுதலாக விதை தருவதையும் கண்டார்கள். தின்றதால் தோட்டம் அழியவில்லை, வளம் பெற்றது.

அடுத்து, முதலில் சொன்ன அந்துப்பூச்சிகள். ஹக்கிள்பெர்ரி முதலான காட்டுப்பழங்கள். பிறகு வெண்பட்டைப் பைன் மரத்தின் கொட்டைகள். இந்தப் பைன் உயரமான மலைமுகடுகளில்தான் வளரும். கொட்டையில் கொழுப்பு மிகுதி. கரடி மரமேறிப் பறிப்பதில்லை. செந்நிற அணில்கள் குளிர்காலத்துக்காக மண்ணில் புதைத்துவைத்த காய்க்குவியல்களைத் தோண்டி எடுத்துக்கொள்ளும். பைன் நன்றாகக் காய்க்கும் ஆண்டுகளில் கரடிகள் மேலேயே தங்கிவிடும். காய்ப்பு பொய்த்தால் பள்ளத்தாக்குக்கு, அதாவது வீடுகளும் பண்ணைகளும் சாலைகளும் உள்ள இடத்துக்கு இறங்கும். அந்த ஆண்டுகளில் மனிதர்களால் சாகும் கரடிகளின் எண்ணிக்கையும் கூடும். வெளியிலிருந்து வந்த பூஞ்சை நோயாலும் பட்டைத் துளைப்பான் வண்டுகளாலும் இந்தப் பைன்கள் பெருமளவில் பட்டுப்போயின. 2022 இல் அமெரிக்க அரசு இம்மரத்தையே அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. யெல்லோஸ்டோன் கரடிகள் அதை ஈடுகட்ட இறைச்சியை நாடத் தொடங்கியிருக்கின்றன. ஒரே உணவை நம்பி வாழாத இயல்புதான் இவற்றைக் காப்பாற்றுகிறது. ஆனால் இறைச்சி தேடும் கரடி, வேட்டைக்காரர் எதிரிலும் கால்நடைப் பண்ணையிலும் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கடலோரத்தில் கதை வேறு. அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில் புரூக்ஸ் ஆற்று அருவியை எதிர்த்துச் சால்மன்கள் துள்ளும்போது, விளிம்பில் நிற்கும் கரடிகள் வாயாலேயே கவ்விப் பிடிக்கும். மீன் மலிந்த நாட்களில் கொழுப்பு மிகுந்த தோல், மூளை, முட்டை இவற்றை மட்டும் தின்றுவிட்டு மீதியைக் காட்டிலேயே போட்டுவிடும். கடலில் வளர்ந்த மீனின் நைட்ரஜன் இப்படி ஆற்றோர மரங்களுக்குப் போய்ச் சேருகிறது. 2014 முதல் இந்தப் பூங்கா, அந்த ஆண்டு நன்றாகக் கொழுத்த கரடியை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் போட்டியை இணையத்தில் நடத்திவருகிறது. நான்கு முறை வென்ற 480 எண் கரடிக்கு ஓட்டிஸ் என்று பெயர். வயதானது, பற்கள் தேய்ந்தும் விழுந்தும் போனது. இளைய ஆண்கள் அருவியோரம் இடத்துக்காகச் சண்டையிட, அது தனக்குப் பழகிய ஓரத்தில் அமர்ந்து மீன் அருகே வரும்வரை காத்திருந்தது. ஒரு விலங்கு கொழுத்திருப்பதைக் கொண்டாடுவது வேடிக்கையாகத் தோன்றலாம். கரடிக்குக் கொழுப்பே உயிர் என்பதை இத்தனை லட்சம் பேருக்கு இவ்வளவு எளிதாகப் புரியவைத்த முயற்சி வேறில்லை என்று நான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கரடியின் உடலில் பசி அடங்காத நிலை ஒன்று ஏற்படும். நாளின் பெரும்பகுதி தின்பதிலேயே கழியும். ஒரு நாளில் 20,000 கலோரி வரை உள்ளே போகும். எடை நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேலும் ஏறும்.

குளிர்கால உறக்கம்

இதுதான் கிரிஸ்லியின் வாழ்வில் என்னை மிகவும் வியக்கவைக்கும் பகுதி.

நவம்பர் வாக்கில், செங்குத்தான சரிவில், பெரும்பாலும் மர வேர்கள் மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் இடமாகப் பார்த்துக் கரடி குகை தோண்டும். தேவதாரு போன்ற மரக்கிளைகளை உள்ளே பரப்பிக்கொள்ளும். வாசலைப் பனி மூடியதும் உள்ளே வெப்பம் தங்கும். கோடையில் நிமிடத்துக்கு 80 வரை துடிக்கும் இதயம் 20க்கும் கீழே இறங்கும். மூச்சு அரிதாகிவிடும். உடல் வெப்பம் மட்டும் அதிகம் குறையாது. 37 டிகிரியிலிருந்து 33, 34 வரைதான். குளிர் உறக்கம் கொள்ளும் அணில்களின் உடல் பனிக்கட்டி அளவுக்குக் குளிர்ந்துவிடும். கரடி அப்படி இல்லாததால்தான் ஆபத்து வந்தால் விழித்தெழவும், உறக்கத்தின் நடுவே குட்டி ஈன்று பால் கொடுக்கவும் முடிகிறது.

ஐந்தாறு மாதம் சிறுநீரும் இல்லை, மலமும் இல்லை. மனித உடலில் சிறுநீர் வெளியேறாவிட்டால் யூரியா தேங்கிச் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. கரடியின் குடலில் வாழும் நுண்ணுயிரிகளின் துணையோடு அந்த யூரியாவிலுள்ள நைட்ரஜன் மீண்டும் புரதமாக்கப்படுகிறது. ஆகவே தசை கரைவதும் மிகக் குறைவு. மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு எலும்பு மெலியும், கரடிக்கு மெலிவதில்லை. வசந்தத்தில் எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ இழந்திருந்தாலும், எழுந்து மலையேறும் வலிமை அதற்கு இருக்கிறது.

நீரிழிவு வீட்டுக்கு வீடு பேசப்படும் நம் காலத்தில் இன்னொரு செய்தி முக்கியம். குளிர் உறக்கத்தில் கரடியின் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. மனிதருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவின் அடிப்படைக் கோளாறும் அதுவே. ஆனால் கரடிக்கு அதனால் நோய் வருவதில்லை. வசந்தத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிஸ்லிகளை வளர்த்து ஆராயும் மையம் ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்கள் உறங்கும் கரடிகளுக்கு இரண்டு வாரம் தேன் கலந்த நீரைக் கொடுத்து, இரத்தத்திலும் கொழுப்புச் செல்களிலும் என்ன மாறுகிறதென்று பார்த்தார்கள். இந்த மாற்றத்தை இயக்குவதாகத் தோன்றும் எட்டுப் புரதங்களை அடையாளம் கண்டு 2022 இல் வெளியிட்டார்கள். மனிதருக்கு மருந்தாகும் நாள் தொலைவில் இருக்கலாம். ஆனால் இன்சுலினுக்கு இணங்கும் திறனை ஆண்டுதோறும் இழந்து, ஆண்டுதோறும் திரும்பப் பெறும் உடல் ஒன்று உலகில் இருப்பதே பெரிய நம்பிக்கை.

தாயும் குட்டிகளும்

இணை சேர்வது மே முதல் ஜூலை வரை. கரு உருவானாலும் உடனே வளராது. சில உயிரணுக்களின் திரளாகக் கருப்பையில் மிதந்துகொண்டிருக்கும். நவம்பரில், தாயின் உடலில் போதிய கொழுப்பு இருந்தால் மட்டுமே கருப்பைச் சுவரில் ஒட்டி வளரத் தொடங்கும். கொழுப்பு போதாவிட்டால் கரு தங்காது. பிள்ளை பெறுவதா இல்லையா என்பதையும் இலையுதிர்காலச் சாப்பாடுதான் தீர்மானிக்கிறது.

ஜனவரி, பிப்ரவரியில் குகைக்குள் பிறக்கும் குட்டி அரைக் கிலோதான் இருக்கும். நம் ஊர்ப் பெரிய மாம்பழம் ஒன்றின் எடை. கண் திறந்திராது. தாய்ப்பாலில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு. தாய் தான் உண்ணாமலே, தன் உடலைக் கரைத்து இந்தப் பாலைத் தருகிறது. பொதுவாக இரண்டு குட்டி, சில நேரம் ஒன்று அல்லது மூன்று. நான்கு மிக அரிது. இரண்டு மூன்று ஆண்டுகள் குட்டிகள் தாயுடனேயே சுற்றும். எந்தச் சரிவில் எந்த மாதம் எது கிடைக்கும் என்ற அறிவு முழுவதும் அந்தக் காலத்தில் தாயிடமிருந்து வருகிறது.

குட்டிகளுக்குப் பெரிய ஆபத்துகளில் ஒன்று வேற்று ஆண் கரடி. குட்டிகளைக் கொன்றால் தாய் மீண்டும் இணைசேர வரும். தாய்க்கரடியின் பேர்பெற்ற சீற்றத்துக்கு இதுவே காரணம். குட்டியை நெருங்கும் எதையும் அது விலை பார்க்காமல் எதிர்க்கும்.

இதில் ஒரு தாயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. யெல்லோஸ்டோனுக்குத் தெற்கே உள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் 399 என்ற எண்ணால் அறியப்பட்ட பெண் கரடி 1996 இல் பிறந்தது. பெரிய ஆண் கரடிகள் சாலையோரம் வரத் தயங்கும் என்பதாலோ என்னவோ, அது தன் குட்டிகளைச் சாலைகளுக்கு அருகிலேயே வைத்து வளர்த்தது. 2020 இல் நான்கு குட்டிகளோடு குகையிலிருந்து வந்தது. 2023 இல், 27 வயதில், மீண்டும் ஒரு குட்டியோடு வந்தபோது அந்த வட்டாரத்தில் அறியப்பட்ட மிக மூத்த தாய் அதுவே. வாழ்நாளில் மொத்தம் 18 குட்டிகள். 2024 அக்டோபரில், ஜாக்சன் நகருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தது.

399 விதிவிலக்கு. சராசரிப் பெண் கிரிஸ்லி ஐந்தாறு வயதில்தான் முதல் ஈற்றுக்கு வரும். அதன்பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. தனக்குப் பதிலாக ஒரு பெண் கரடியை வளர்த்து ஆளாக்க அதற்குச் சுமார் பத்தாண்டு ஆகிவிடும். பிறக்கும் குட்டிகளில் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. பெண் கரடி ஒன்றைச் சுட்டுவிட்டால் அந்த இழப்பு ஆறப் பத்தாண்டு தேவை.

எங்கே வாழும், யாரோடு வாழும்?

கிரிஸ்லி தனித்து வாழும் விலங்குதான். ஆனாலும் எல்லை போட்டுக் காவல் காப்பதில்லை. உணவு குவிந்த இடத்தில் பல கரடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்னும். மரங்களில் முதுகைத் தேய்த்து வாடையை விட்டுச் செல்வதுதான் அவற்றின் செய்திப் பரிமாற்றம். உள்நாட்டு ஆண் கரடி பல நூறு சதுர கிலோமீட்டர் சுற்றும். பெண் குட்டிகள் வளர்ந்தபின் தாயின் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். ஆண்கள்தான் தொலைதூரம் போகும்.

கனடாவின் மேற்கு மாநிலமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் மையக் கடலோரத்தில் ஹெயில்ட்சுக், நுஹால்க் முதலான முதற்குடி மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து கரடி முடிகளைச் சேகரித்து மரபணுவை ஆராய்ந்தார்கள். அங்குள்ள கரடிகள் மூன்று மரபணுக் குழுக்களாகப் பிரிந்திருந்தன. அந்த மூன்று குழுக்களின் எல்லைகளும் அப்பகுதியின் மூன்று பழங்குடி மொழிக்குடும்பங்களின் எல்லைகளோடு ஒத்துப்போயின. 2021 இல் இது வெளியானது. ஆற்றையும் மீனையும் நம்பி ஒரே நிலத்தில் வாழ்ந்த மனிதரையும் கரடியையும் அந்த நிலம் ஒரே மாதிரி வகுத்திருக்கிறது.

மனிதரோடு

1800 வாக்கில் இன்றைய அமெரிக்காவின் மேற்குப் பாதியில், அலாஸ்கா நீங்கலாக, சுமார் 50,000 கிரிஸ்லிகள் வாழ்ந்தன. துப்பாக்கி, பொறி, நஞ்சு எல்லாம் வைத்து 150 ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். கலிபோர்னியா 1911 இல் கிரிஸ்லியைத் தன் கொடியில் வைத்தது. 1924க்குப் பின் அந்த மாநிலத்தில் உயிருள்ள கிரிஸ்லியை யாரும் கண்டதாக நம்பத்தகுந்த பதிவில்லை. மெதுவாக ஈனும் விலங்கை வேகமாகக் கொன்றால் நடப்பது இதுதான்.

பூங்காக்களுக்குள்ளும் தவறு நடந்தது. யெல்லோஸ்டோனில் பல பத்தாண்டுகள் குப்பைமேடுகளில் கரடிகள் தின்பதைப் பார்க்க மக்கள் கூடினார்கள். 1967 ஆகஸ்டில், கிளேசியர் பூங்காவில் ஒரே இரவில் இரண்டு இளம்பெண்களை வெவ்வேறு இடங்களில் இரண்டு கிரிஸ்லிகள் கொன்றன. அந்தப் பூங்கா 1910 இல் தொடங்கப்பட்டதிலிருந்து அதுவரை கிரிஸ்லியால் ஓர் உயிர்கூடப் போனதில்லை. மனித உணவுக்குப் பழகிய கரடியின் ஆபத்து அதன்பின்தான் எல்லோருக்கும் உறைத்தது. யெல்லோஸ்டோன் தன் குப்பைமேடுகளை 1970 வாக்கில் மூடிவிட்டது. ஆனால் திடீரென்று மூடியதால் பசியோடு முகாம்களுக்கு வந்த கரடிகள் ஏராளமாகக் கொல்லப்பட்டன. 1975 இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தபோது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் எஞ்சியவை 140க்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டது. இன்று அங்கே ஆயிரம் அளவில் இருக்கின்றன.

கனடாவின் பான்ஃப் பூங்கா, யெல்லோஸ்டோன் பக்கம் நடைப்பயணம் போகும் தமிழர்கள் இன்று நிறைய. அவர்களுக்காகச் சில வரிகள். குறைந்தது 100 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தனியே போகாதீர்கள், பேசிக்கொண்டே நடங்கள். பெரும்பாலான தாக்குதல்கள் திடீரென்று எதிர்ப்பட்டதால் நேர்பவை. கரடி ஸ்ப்ரேயை எட்டும் இடத்தில் வையுங்கள். அதில் இருப்பது மிளகாயின் காரச்சத்து. கரடியைக் கண்டால் ஓடாதீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்து வருவதுபோல் வந்து பாதியில் நின்றுவிடுவது அதன் வழக்கங்களில் ஒன்று. குட்டியையோ இரையையோ காக்கும் கரடி உண்மையாகவே மோதிவிட்டால் குப்புறப் படுத்துக் கழுத்தின் பின்புறத்தைக் கைகளால் மூடி அசையாமல் கிடக்க வேண்டும். கூடாரத்துக்குள் புகும் கரடியிடமும் பின்தொடர்ந்து வரும் கரடியிடமும் அப்படிக் கிடக்கக் கூடாது. கையில் கிடைத்ததைக்கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும். சமைத்த வாடையுள்ள எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். உங்கள் மிச்சச் சோற்றை ருசித்த கரடியைப் பெரும்பாலும் அதிகாரிகள் கொன்றுவிட நேர்கிறது.

எண்ணிக்கை கூடினாலும் யெல்லோஸ்டோன் கரடிகள் ஒரு தீவில் இருப்பவை போலத்தான். வடக்கே, கனடா எல்லையை ஒட்டிய மொன்டானாக் கரடிகளோடு அவை நீண்ட காலமாகக் கலக்காமல் இருக்கின்றன. இரு பக்கமும் பரவி இப்போது இடைவெளி 100 கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் பெண் கரடிகள் தாயை விட்டு அதிகம் விலகாதவை என்பதால் அந்தச் சிறு தூரமும் கடக்க நாளாகும். 2024 இல் வடக்கிலிருந்து இரண்டு இளம் கரடிகளைப் பிடித்து வந்து யெல்லோஸ்டோன் பகுதியில் விட்டார்கள். கரடிகள் தாமாகவே வர வேண்டுமானால் நடுவிலுள்ள பண்ணைகள் வழியாகத்தான் வர வேண்டும். மொன்டானாவின் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் பண்ணைக்காரர்களே கூடி, செத்த மாடுகளை உடனுக்குடன் லாரியில் அகற்றவும், கன்று ஈனும் பட்டிகளையும் தேன்பெட்டிகளையும் சுற்றி மின்வேலி போடவும் ஏற்பாடு செய்தார்கள். அங்கே கரடியால் வரும் தொல்லை வெகுவாகக் குறைந்தது. வடக்குக் கூட்டத்தின் தென் ஓரத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு அது. தெற்கே போகும் பெண் கரடி ஒவ்வொன்றும் இப்படிப்பட்ட பண்ணைகளைக் கடந்துதான் போக வேண்டும்.